பெற்றோருக்கான அறியாமைத் தேர்வு

கடலோர வளாகத்தின் முதற்தலைமுறை மாணவர் அரவணைப்பு மையம் ஒரு நல்ல காரியத்துக்காகத்தான் தொடங்கப்பட்டது. அதனால்தான் அதை யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிள்ளைகள் திக்குத் தெரியாமல் தடுமாறுவார்கள், அவர்களைக் கைபிடித்து நடத்த ஆள் வேண்டும் என்று எங்கோ வெளிநாட்டில் யாரோ நினைத்தார்கள். போர் முடிந்த பிறகு இந்தக் கரைக்கு நினைப்புகளோடு வந்தவர்கள் ஏராளம். சிலர் கிணறு வெட்டிவிட்டுப் போனார்கள். சிலர் கழிப்பறை கட்டிவிட்டுப் போனார்கள். இவர்கள் மையத்தைக் கட்டிவிட்டுப் போனார்கள். உப்பளத்தைப் பார்த்த கட்டடம். கண்ணாடிக் கதவு. குளிரூட்டி வேலை செய்ததால் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். 'எங்கள் கதவு என்றும் திறந்திருக்கும்' என்ற வாசகம் அந்தக் கதவிலேயே ஒட்டப்பட்டிருந்தது.

டெனிஷா திக்குத் தெரியாமல் தடுமாறவில்லை. விரிவுரை மண்டபம் எங்கே, நூலகம் எங்கே, மலிவாகச் சோறு தரும் கடை எங்கே என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு கட்டில்.

விடுதியில் இரண்டாம் ஆண்டுக்குக் கட்டில் கிடைப்பது வெளிமாவட்டப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். டெனிஷாவின் ஊர் தலவிலைக்கு அப்பால், அதே மாவட்டத்தில் கிடந்தது. "வீட்டிலிருந்து வந்து போகலாமே" என்றது சட்டம். வீடு இருந்தது உண்மை. வீட்டில் ஆள் இருப்பதுதான் காலத்தைப் பொறுத்தது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் அந்தப் பக்கத்துக் கடல் யாரையும் அண்டவிடாது. ஊரே வலையையும் சட்டிபானையையும் கட்டிக்கொண்டு முல்லைத்தீவுக் கரைக்குப் போய், மணலில் வாடி என்ற ஓலைக் குடில் அடித்து, காற்று மாறும்வரை அங்கேதான் தொழில் செய்யும். போர்க்காலத்தில் நின்றுபோயிருந்த அந்தப் போக்குவரத்து இப்போது மறுபடியும் நடந்துகொண்டிருந்தது. பூட்டிய வீடுகளுக்கு நடுவே ஒரு குமர்ப்பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் போக எந்தத் தகப்பனுக்கும் மனம் வராது. கட்டில் இல்லையென்றால் டெனிஷாவும் வாடிக்குப் போக வேண்டும். வாடியிலிருந்து விரிவுரைக்கு வந்து போக முடியாது. கட்டில் போனால் படிப்பும் போகும். இதை அவள் யாரிடமும் கணக்குப் போட்டுக் காட்டத் தேவையில்லை.

ஒரேயொரு விலக்கு இருந்தது. அரவணைப்பு மையம் ஒரு மாணவியை 'உறுதிப்படுத்தப்பட்ட முதற்தலைமுறை' என்று அறிவித்துவிட்டால், ஊர் பக்கத்தில் இருந்தாலும் கட்டில் உண்டு. ஆகவே டெனிஷா அரவணைக்கப்படச் சம்மதித்தாள்.

முதலில் ஆளுக்கொரு செம்மஞ்சள் மேற்சட்டை கொடுத்தார்கள். முதுகில் 'நானே முதல்' என்று எழுதியிருந்தது. முதற்தலைமுறைப் பிள்ளைகளை யாரும் வேறுபடுத்திப் பார்க்கக் கூடாது என்பதற்காகச் சிற்றுண்டிச்சாலையில் அவர்களுக்கென்று ஒரு தனி மேசையும் போடப்பட்டது. அதன்பிறகு பயிற்சிப் பட்டறைகள் வந்தன. முள்ளுக்கரண்டியும் கத்தியும் கொண்டு மீன் சாப்பிடுவது எப்படி என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் பொரித்த பாரை மீனைக் கத்தியால் புரட்டி, நடுமுள்ளைத் தூக்கப் பார்த்து, முள்ளோடு பாதி மீனையும் கீழே விழுத்தினார். மீனில் பிறந்து மீனில் வளர்ந்த பிள்ளைகள் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தடுமாறுகிறார்கள் என்று பயிற்றுநர் எழுதிக்கொண்டார்.

நேரத்தை முகாமை செய்வது பற்றிய பட்டறை பொருளியல் விரிவுரை நேரத்தில் நடந்தது. போகாவிட்டால் அரவணைப்புப் புள்ளி குறையும். போனதால் விரிவுரை தவறியது. இதை அரவணைப்பு உத்தியோகத்தர் ரிப்கானிடம் டெனிஷா முறையிட்டாள். இளைஞர், நல்ல மனிதர். மனம் இளகி, விரிவுரைகளில் பின்தங்கியவர்களுக்கான பட்டறையில் அவளைச் சேர்த்துவிட்டார். அது அடுத்த பொருளியல் விரிவுரை நேரத்தில் நடந்தது.

இதையெல்லாம் டெனிஷா பொறுத்துக்கொண்டாள். பின்னேரத்தில் அம்மா வாடியிலிருந்து கோல் எடுக்கும்போது அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அம்மா பிரான்சிஸ்கா அதையெல்லாம் கேட்பதுமில்லை. இன்றைக்கு என்ன படித்தாய் என்றுதான் கேட்பாள். அதற்குப் பதில் சொல்லும்போது மட்டும் டெனிஷாவுக்குத் தான் கம்பசில் இருப்பதுபோல ஓர் உணர்வு வரும்.

ஆனி மாதத்தில் மையம் வீட்டுத் தரிசனங்களைத் தொடங்கியது. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் வேனில் போய், தாய் தகப்பனைக் கண்டு, அவர்களுக்குப் படிப்பு வாசனை இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். அறைத்தோழி அஸ்காவின் வீட்டுக்கு முதலில் போனார்கள். அஸ்காவின் குடும்பம் தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து புத்தளத்தில் தங்கிவிட்ட குடும்பம்.

"எங்கட வாப்பா டொப் மார்க்ஸ் புள்ள," என்று அஸ்கா விடுதிக்கு வந்து சொன்னாள். "வேன் வந்து நிண்ட உடனேயே ஆள் றெடி. இருவத்தேழு வருஷமா வேன்ல வாறவங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகின மனுசன். எதைக் கேட்டாலும் மூண்டே மூண்டு பதில்தான். தெரியாது, இல்ல, கிடைக்கல்ல. ரிப்கான் சேருக்குக் கண் கலங்கிட்டு."

மறுநாள் வேன் டெனிஷாவிடம் சொல்லாமலே அவளுடைய ஊருக்குப் போனது. ரிப்கானும் படப்பிடிப்பாளரும் உளவளத்துணையாளர் ஒருவரும் போயிருந்தார்கள். வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கதவைத் தட்டினார்கள். கூப்பிட்டார்கள். ஊரில் நாய்கள் மட்டும்தான் காணப்பட்டன என்றும், அவை நேர்காணலுக்கு ஒத்துழைக்கவில்லை என்றும் ரிப்கான் தன் அறிக்கையில் உண்மையாகவே எழுதினார். 'பெற்றோர்' என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டார்.

அந்தச் சொல் கண்ணாடிக் கதவுக்குள் போய் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை டெனிஷா விரிவுரைக்குப் போகும்போது வளாகத்தின் வாசலில் ஒரு வெள்ளைப் பதாகை கட்டப்பட்டிருந்தது. கறுப்பு எழுத்தில், 'எமது மாணவி டெனிஷாவின் அன்புத் தந்தை பஸ்தியான், தாயார் பிரான்சிஸ்கா ஆகியோரின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். அரவணைப்பு மையம்.'

அவள் அதை நின்று வாசித்தாள். மறுபடி வாசித்தாள். அம்மாவின் நம்பரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அம்மாவின் குரல் கேட்டது.

"என்ன மகள் இந்த நேரத்தில? நான் கருவாடு புரட்டிக் கொண்டு நிக்கிறன்."

டெனிஷா அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அறைக்குத் திரும்பியபோது அஸ்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். மேசை நிறைய சீனிப் பக்கற்றுகளும் விசுக்கோத்தும். செத்த வீட்டுக்குக் கொண்டுபோவதுபோலப் பிள்ளைகள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"அல்லாஹ்வே, ரெண்டு மவுத்து நடந்து எனக்கொரு வார்த்தை சொல்லல்லையே புள்ள!"

"ஒருத்தரும் சாகேல்ல. அம்மா கருவாடு புரட்டுறா."

அஸ்கா ஒரு விசுக்கோத்துப் பக்கற்றை உடைத்தாள். "அப்ப இதை என்ன செய்யிற? திருப்பிக் குடுக்கேலாதே," என்றாள்.

மையத்தின் பணிப்பாளர் கலாநிதி ஸுஹைப் டெனிஷாவைக் கண்டதும் எழுந்து நின்றார். முதற்தலைமுறைப் பிள்ளைகளைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதியவர். பட்டதாரிகளின் பேரன்.

"இருங்க மகள். உங்கள் இழப்பு எங்கள் இழப்பு."

"சேர், அப்பாவும் அம்மாவும் உயிரோட இருக்காங்க. வாடிக்குப் போயிருக்காங்க. அதான் வீடு பூட்டி."

பணிப்பாளர் தலையை மெதுவாக அசைத்தார். "துக்கத்தின் முதற்கட்டம் மறுப்பு. அதைத்தான் நீங்கள் இப்போது செய்கிறீர்கள். மிக நன்றாகச் செய்கிறீர்கள்."

டெனிஷா கைத்தொலைபேசியை எடுத்து அப்பாவுக்கு அடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள். காற்று இரைந்தது. பின்னால் ஒரு மோட்டர் முனகியது.

"அப்பா, கதையுங்க."

"என்னத்தைக் கதைக்க? ஆர் மகள் பக்கத்தில?"

"டிரெக்டர் சேர்."

"சேருக்கு வணக்கம் சொல்லு. நல்ல அறுக்குளா மீன் பட்டிருக்கு, வேணுமாமோ எண்டு கேளு."

பணிப்பாளர் கண்ணை மூடி அந்தக் குரலைக் கவனமாகக் கேட்டார். பிறகு சொன்னார், "உயிருள்ள குரல்தான். நான் சந்தேகப்படவில்லை. ஆனால் ஒரு குரலைப் பெற்றோராக ஏற்பதற்கு எங்கள் நடைமுறையில் இடமில்லை. இன்னொன்று. நிரந்தர முகவரியில் இல்லாதவர்களை நாங்கள் எங்கே போய்க் காண்பது? நிரந்தரம் என்றால் அங்கே இருக்க வேண்டாமா?"

"சோளகத்தில ஊரில ஒருத்தரும் இருக்கமாட்டாங்க சேர்."

"அதை உங்கள் ஊர் எங்களுக்கு எழுத்தில் அறிவித்திருக்கலாம்." அவர் கதிரையில் சாய்ந்தார். "பாருங்கள் மகள், நீங்கள் முதற்தலைமுறை என்றால் உங்களுக்கு முன்னால் ஒரு தலைமுறை இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் நீங்கள் எதற்கு முதல்? பெற்றோர் நேரில் வர வேண்டும். ஒரு சபை அவர்களுடைய அறியாமையை உறுதிப்படுத்தும். பயப்பட ஒன்றுமில்லை. நாங்கள் யாரையும் அவமதிப்பதில்லை. தெரியாது என்பதை மரியாதையாகக் கேட்டு, மரியாதையாகப் பதிவு செய்வோம். விடுதிப் பட்டியல் இந்த மாதத்தோடு மூடப்படுகிறது. அதற்குள் வந்துவிட்டால் கட்டில் உங்களுடையது."

"வாசல்ல இருக்கிற பெனரைக் கழட்டலாமா சேர்?"

"அதை ஏற்றிய உபகுழு கூடித்தான் இறக்க வேண்டும். உபகுழு கல்பிட்டி ஹோட்டலில் ஒரு செயலமர்வில் இருக்கிறது."

"என்ன செயலமர்வு சேர்?"

"கரையோரக் குடும்பங்களின் வாழ்வியலைப் புரிந்துகொள்ளல்," என்றார் பணிப்பாளர்.

அன்று பின்னேரம் டெனிஷா வாடிக்குக் கோல் எடுத்தாள். பதாகையைப் பற்றிச் சொல்லவில்லை. மீன் நன்றாகப் படும் காலம். ஒரு நாள் கரையில் நின்றாலும் இழப்புத்தான். ஆனால் அப்பா பஸ்தியான் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வருகிறோம் என்றார். அவருக்குப் பிடிபடாத விஷயம் வேறொன்று.

"கேக்கிறதுக்கெல்லாம் தெரியாதெண்டு சொல்லோணுமோ? தெரிஞ்சாலுமோ?"

"தெரிஞ்சாலும் தெரியாதெண்டுதான் அப்பா சொல்லோணும். அஸ்கான்ர வாப்பா அப்பிடிச் சொல்லித்தான் அவளுக்குக் கட்டில் கிடைச்சது."

"பிஷப் ஆண்டகைக்கு முன்னால தெரியாதெண்டு சொன்னவன் எங்கட ஊர்ல ஒரே ஒருத்தன்தான் மகள். அவனுக்கு இப்ப பேரப்பிள்ளையள். இண்டைக்கும் அவனுக்குப் பேர் தெரியாதான். அவன்ர போட்டுக்கும் தெரியாதான் போட் எண்டுதான் பேர்."

இது அந்த ஊரின் வழக்கம். உறுதிப்பூசுதல் சடங்குக்கு ஆண்டகை வரும்போது பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஞானோபதேசக் கேள்விகள் கேட்பார். கையைக் கட்டிக்கொண்டு, எழுந்து நின்று, கேள்வியில் வந்த சொல்லை முதலில் திருப்பிச் சொல்லி, முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். பதில் தெரியாமல் நின்ற பிள்ளையால் குடும்பத்துக்கு மட்டுமல்ல, கோயிலுக்கே வெட்கம். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்ட பஸ்தியானும் எட்டாம் வகுப்போடு விட்ட பிரான்சிஸ்காவும் வாழ்க்கையில் எழுதி முடித்த பெரிய சோதனை அது ஒன்றுதான். அதில் இரண்டு பேருமே பிழைவிடவில்லை.

"அது ஆண்டகை அப்பா. இது வேற. எனக்காகச் சொல்லுங்க," என்று டெனிஷா கெஞ்சினாள்.

"சரி சரி. சொல்றம்."

இரண்டு பேரும் பஸ் மாறி மாறி வந்து இறங்கினார்கள். அப்பா களிசானும் சப்பாத்தும் போட்டிருந்தார். சப்பாத்து வேறு யாருடையதோ; நடக்கும்போது குதி கழன்று கழன்று மாட்டியது. அம்மா பெருநாள் சாரி. டெனிஷா அவர்களைப் பின்வாசலால் அழைத்துப்போகப் பார்த்தாள். பின்வாசலில் காவலாளி விடவில்லை. விருந்தினர்கள் முன்வாசலால்தான் வர வேண்டும் என்பது மையத்தின் மரியாதை.

பதாகைக்குக் கீழே அப்பா நின்றுவிட்டார். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார். அம்மா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். உப்பளத்துக் காற்றில் துணி படபடத்தது.

"கடலுக்குப் போறவனுக்கு இது எண்டைக்காவது எழுதத்தான் வேணும்," என்றார் அப்பா கடைசியில். "முந்தி எழுதி வச்சிட்டாங்க. எழுத்து வடிவா இருக்கு." பிறகு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவோ கேட்க இருந்தும் கேட்காமல், சாரியை இழுத்துச் சரிசெய்துகொண்டு உள்ளே நடந்தாள்.

சபையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் பணிப்பாளர். ஒரு பக்கம் ரிப்கான். மறுபக்கம் கொழும்பிலிருந்து வந்த நிபுணர் அம்மையார். பிள்ளை உள்ளே இருக்கக் கூடாதாம். டெனிஷா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். கதவின் கீழ் இடைவெளியால் குளிர் காற்றோடு பேச்சும் கசிந்து வந்தது.

பணிப்பாளருக்கு முதல் பார்வையிலேயே முகம் வாடிவிட்டது. "நீங்கள் வழமையாக இப்படித்தான் உடுப்பீர்களா?"

"இல்ல சேர். சாரம்தான்."

"நல்லது," என்று ஆறுதலாக எழுதிக்கொண்டார். "இருங்கள். மனதைத் தளர்த்திக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாத விஷயங்களைத்தான் கேட்கப்போகிறோம். முதலாவது கேள்வி. உயர்கல்வி என்றால் என்ன?"

அந்தக் கேள்வி மட்டும் வேறு மாதிரி வந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி நடந்திருக்கும். 'உயர்கல்வியைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா' என்று கேட்டிருந்தால், இல்லை என்று தலையை ஆட்டியிருப்பார். ஆனால் 'என்றால் என்ன' என்று வந்து விழுந்தது. பஸ்தியான் எழுந்து நின்றார். கைகள் தாமாகவே மார்பில் கட்டிக்கொண்டன.

"உயர்கல்வியாவது," என்றார், "பாடசாலைக் கல்வி முடிந்த பின்பு, உயர்தரப் பரீட்சையிலே சித்தியடைந்தவர்கள், பல்கலைக்கழகத்திலே கற்கும் கல்வியாம்."

வெளியே நின்ற டெனிஷா கண்ணாடிக்கு அருகில் போய்த் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம்.

பிரான்சிஸ்கா அதைக் கண்டாள். மனுசன் எதையோ விட்டுவிட்டார், பிள்ளை தலையை ஆட்டுகிறாள் என்றுதான் அவளுக்கு விளங்கியது. அவளும் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"அது செமஸ்டராப் பிரிக்கப்பட்டிருக்கும் சேர். ஒவ்வொரு செமஸ்டரிலும் இத்தனை கிரெடிட் எடுக்கோணும். எடுக்காட்டி றிப்பீட்."

டெனிஷா இன்னும் வேகமாகத் தலையை ஆட்டினாள்.

"றிப்பீட் எடுத்தா கிளாஸ் கிடைக்காது," என்று பிரான்சிஸ்கா அவசரமாகச் சேர்த்தாள்.

நிபுணர் அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். ரிப்கான் பணிப்பாளரைப் பார்த்தார். பணிப்பாளர் குரலில் ஒரு கெஞ்சல் வந்திருந்தது. "சரி. உங்கள் மகள் என்ன பாடம் படிக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாது என்றே சொல்லலாம். நாங்கள் குறை நினைக்கமாட்டோம்."

பஸ்தியானுக்கு அப்போது மகள் சொன்னது நினைவு வந்தது. வாயைத் திறந்தார். தெரியாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது அவருடைய முகத்தில் தெரிந்தது. டெனிஷா கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். அப்பா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் மகளைப் பார்த்தார். அவளைப் பார்த்துக்கொண்டே அவள் படிப்பதைத் தெரியாது என்று சொல்ல அவரால் முடியவில்லை.

"பொருளியல், சேர்," என்றார் மெதுவாக.

"கேள்வியும் நிரம்பலும் எண்டு ஒரு பாடம்," என்றாள் அம்மா. "மீன் கூடப் பட்டா விலை விழும். அதுக்கு ஒரு கோடு கீறுவாங்க. அந்தக் கோடு ஏன் அப்பிடிச் சரியுதெண்டு விளங்காம பிள்ளை போன்ல அழுதவ. எனக்கும் விளங்கேல்ல. ரெண்டு பேருமா அழுதம். பிறகு அவவுக்கு விளங்கிச்சு. எனக்கு இன்னும் இல்ல சேர்."

இந்தக் கடைசி வாக்கியத்தை யாராவது பதிவு செய்திருந்தால் டெனிஷா தப்பியிருப்பாள். ஆனால் ரிப்கான் அதற்குள் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார்.

பணிப்பாளர் எழுந்து இரண்டு பேரின் கையையும் பிடித்துக் குலுக்கினார். இப்படிப்பட்ட பெற்றோரைத் தான் கண்டதேயில்லை என்றார். படம் பிடித்தார்கள். தேநீரும் கேக்கும் கொடுத்தார்கள். கேக்கோடு முள்ளுக்கரண்டி இருந்தது. அம்மா அதைக் கைக்குட்டையால் துடைத்து, பத்திரமாகத் தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

பிறகு பணிப்பாளர் வெளியே வந்து டெனிஷாவை ஒரு பக்கமாக அழைத்துப்போனார்.

"உங்கள் பெற்றோர் எங்களை ஏமாற்றிவிட்டார்கள் மகள்."

"அப்பா அஞ்சாம் வகுப்பு சேர். அம்மா எட்டு."

"அது இன்னும் கவலைக்குரியது. நாங்கள் வகுப்பை அளப்பதில்லை, அறியாமையைத்தான் அளக்கிறோம். உங்கள் வீட்டில் போதிய அளவு இல்லை."

"நான் சொன்னதைத்தான் அவங்க சொன்னாங்க சேர். நான் போன்ல சொன்னதுதான். வேற ஒண்டும் அவங்களுக்குத் தெரியாது. திரும்ப ஒருக்காக் கேளுங்க. தெரியாதெண்டு சொல்லச் சொல்றன்."

"அது மோசடியாகிவிடும்." அவர் உண்மையாகவே வருந்தினார். "என் நிலையையும் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். எல்லாப் பெற்றோரும் இப்படித் தெரிந்துகொண்டு வந்து நின்றால் இந்த மையத்துக்கு என்ன வேலை? நான் யாரை அரவணைப்பது? ஆனால் ஒரு நல்ல செய்தி. உங்களை இரண்டாம் தலைமுறை என்று பதிகிறோம். ஒரே காலையில் ஒரு தலைமுறை முன்னேறியிருக்கிறீர்கள். இந்த ஆண்டு எங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் உங்கள் கதைதான் வரும்."

"என்ர கட்டில் சேர்?"

"அது முதற்தலைமுறைக்கு. நாளைக்கு வேறொரு பிள்ளை வருகிறாள். அறையை இன்றைக்கே ஒப்படைத்துவிடுங்கள். சட்டையையும்."

அன்று மாதக் கடைசி; பட்டியலும் மூடப்பட்டுவிட்டது. மேலதிகாரியிடம் போகலாமா என்று கேட்டாள். மையத்துக்கு மேலே ஒரு மேற்பார்வைச் சபை இருந்தது. அதன் தலைவரும் கலாநிதி ஸுஹைப்தான்.

அறையில் அஸ்கா அழுதாள். "என்ட கட்டில்ல ரெண்டு பேரும் படுப்பம் புள்ள. ஒருத்தருக்கும் தெரியாம."

"மேட்ரன் வந்து பார்த்தா உன்ர கட்டிலும் போயிடும்."

"போனாப் போகட்டும்" என்று அஸ்கா சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று டெனிஷா எதிர்பார்க்கவுமில்லை. இரண்டு பேரும் சேர்ந்து உடுப்புகளை மடித்தார்கள். புத்தகங்களை ஒரு பெட்டியில் அடுக்கினார்கள். செம்மஞ்சள் சட்டையை மடித்து மேசையில் வைத்தார்கள்.

லீவு என்று அவள் சொல்லியிருந்ததால், வாசலில் காத்திருந்த அப்பா பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "லீவுக்கு இவ்வளவு சாமானோ?"

"ஓம் அப்பா. தோய்க்கக் கிடக்கு."

வாடிக்குத் திரும்பும் பஸ் புத்தளத்தை விட்டு அனுராதபுரம் வீதியில் ஏறியது. அப்பா சன்னலோரமாக இருந்து நித்திரை கொள்வதுபோலக் கண்ணை மூடியிருந்தார். அம்மா நடுவில். காடு வந்தது. சின்னச் சின்னக் குளங்கள் வந்தன. டெனிஷா சொல்ல வேண்டியதை மனதுக்குள் வாக்கியமாக்கிப் பார்த்தாள். வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. அதைத் தொடங்குவதற்கு ஒரு இடம் கிடைக்கவில்லை.

அம்மாதான் பேசினாள். குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி.

"நீ கதவுக்கு வெளிய தலையாட்டிக் கொண்டு நிண்டாய். எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு. எங்கயாவது பிழை விட்டிட்டமோ மகள்?"

டெனிஷா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. ஒண்டும் பிழைக்கேல்ல."

"மெய்யாவோ? அப்ப பாஸோ?"

"பாஸ்."

சன்னலோரத்தில் அப்பாவின் கண் திறந்தது. "ரெண்டு பேருமோ?"

"ரெண்டு பேரும் அப்பா."

பஸ்தியான் குனிந்து சப்பாத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணைத் தட்டி, மடியில் வைத்துக்கொண்டார். கொண்டக்டர் டிக்கட் போட வந்தபோது, அவன் கேட்காமலே, தன்னைக் கம்பசில் சோதித்துப் பார்த்ததை அவனுக்குச் சிங்களத்தில் சொன்னார். அவன் சிரித்துவிட்டு மூன்று டிக்கட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனான். அப்பா டிக்கட்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நிம்மதியாகச் சாய்ந்து, கண்ணை மறுபடி மூடினார்.

"அப்ப கட்டில் உறுதி," என்றார்.

அது கேள்வியாக இருக்கவில்லை. ஆகவே டெனிஷா பதில் சொல்லவில்லை.